இரு தலைநகரங்களும் ஒரு துறைமுகமும்

அயல்நாட்டுப் பயணம் ஒரு காலத்தில் வணிகருக்கும் மாலுமிக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. இன்று அது நடுத்தரக் குடும்பத்தின் கைக்கும் எட்டிவிட்டது. தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலிலும், அதற்குத் தெற்கே உள்ள காயல்பட்டினத்திலும், பிள்ளைகள் கப்பற்பணியிலோ அயல்நாட்டு வேலையிலோ இருக்கும் வீடுகள் பல. அப்பிள்ளைகளின் பெற்றோரும், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வாழ்நாளில் ஒருமுறை ஐரோப்பாவைக் கண்டுவர விழைகின்றனர். மகிழத்தக்க மாற்றம் இது. ஆனால், சென்று வந்தோர் எதைக் கண்டு வந்தனர் என்னும் வினாவை எழுப்புவது பயணத்தைக் குறை கூறுவதாகாது. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்மவர் பெரிதும் விரும்பும் பயணம் இலண்டன், பாரிசு ஆகிய இரு தலைநகரங்களையும் தொடர்வண்டியால் இணைத்துக் காண்பது. இவ்விரு நகரங்களையும் கடலடிச் சுரங்கம் ஒன்று இணைக்கின்றது. 1994-ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பெற்ற அச்சுரங்கத்தின் நீளம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்; அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில் செல்வது. அதே ஆண்டு நவம்பரில் தொடங்கிய யூரோசுடார் வண்டி, இன்று ஏறத்தாழ இரண்டே கால் மணி நேரத்தில் ஒரு தலைநகரிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு சேர்க்கின்றது. தூத்துக்குடியிலிருந்து மதுரை செல்லும் நேரத்திற்குள் ஒரு நாடு முடிந்து மறு நாடு தொடங்கிவிடுகிறது.

இலண்டனில் கோபுரக் கோட்டைக்குள் கண்ணாடிப் பேழையில் கோகினூர் வைரம். பாரிசில் 1889-இல் எழுப்பிய ஈபெல் கோபுரமும் லூவர் அருங்காட்சியகத்தில் மோனா லிசா ஓவியமும். இவற்றைப் பார்த்து, அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். இவை காணத்தக்கவையே. எனினும் அவ்விருப்புப் பாதையின் இரு முனைகளிலும், வண்டியை விட்டு இறங்கி நடந்தே செல்லக்கூடிய தொலைவில், தமிழ் காத்திருக்கின்றது. நம் சுற்றுலாப் பேருந்துகளோ அதனைக் கடந்து விரைந்துவிடுகின்றன.

இலண்டன் முனை

யூரோசுடார் வண்டி 2007 முதல் இலண்டனின் செயின்ட் பாங்க்ராசு நிலையத்திலிருந்து புறப்படுகின்றது. அந்நிலையத்தை அடுத்து, ஐந்து மணித்துளி நடையில், செங்கல் நிறத்தில் நிற்கும் பெருங்கட்டடம் பிரித்தானிய நூலகம். பழைய இந்தியா ஆபீசு நூலகத்தின் செல்வமும், பிரித்தானிய அருங்காட்சியகம் சேர்த்த நூற்செல்வமும் இன்று அந்நூலகத்தினுடையவை. 1867-ஆம் ஆண்டின் அச்சக, நூற்பதிவுச் சட்டத்தால் இந்தியாவில் அச்சாகும் நூல்கள் அரசின் பதிவுக்கு வந்தன. அவ்வழியே தமிழ் நூல்கள் பல இலண்டன் சென்று சேர்ந்தன. நம் ஊர்களில் கறையானுக்கும் கடற்காற்றின் ஈரத்திற்கும் இரையாகிப்போன சிறு பதிப்புகள் அங்கே எண்ணிட்டு அடுக்கப்பட்டுள்ளன.

பிரித்தானிய அருங்காட்சியகத்தின் தமிழ் நூற்பட்டியலை 1909-இல் வெளியிட்டபோது அதனைத் தொகுத்தோராக இருவர் பெயர் அச்சிடப்பட்டது. ஒருவர் பார்னெட்டு, மற்றொருவர் ஜி. யு. போப். போப் தமிழோடு நெடுநாள் உறவாடிய இடங்களுள் ஒன்று சாயர்புரம். புன்னைக்காயலில் இருப்போருக்குச் சாயர்புரம் அயலூர் அன்று. பேருந்தேறினால் சென்று திரும்பும் ஊர். நம் மாவட்டத்து மண்ணில் தமிழோடு பழகியவர் உருவாக்கிய பட்டியல் அது. அதில் இசுலாமியத் தமிழ் நூல்களும், கிறித்தவத் தமிழ் நூல்களும், சைவ வைணவ நூல்களும் அகரவரிசையில் அருகருகே இடம்பெற்றுள்ளன. ஊரில் தனித்தனித் தெருக்களில் வாழ்ந்தவை அங்கே ஒரே கூரையின்கீழ்க் குடியிருக்கின்றன.

பாரிசு முனை

பாரிசில் வண்டி நிற்பது கார் து நோர் எனப்படும் வடக்கு நிலையம். அதன் பின்புறமாகச் சிறிது தொலைவு நடந்தால் லாச்சப்பல் என்னும் பகுதி. அங்குள்ள கடைகளின் பெயர்ப்பலகைகளில் தமிழ் எழுத்தைக் காணலாம். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கலாம். அக்கடைகளை நடத்துவோருள் பலர் ஈழத்திலிருந்து போரினால் புலம்பெயர்ந்தோர். புதுச்சேரி, காரைக்கால் மக்களுக்கும் பிரான்சோடு தொன்றுதொட்டுத் தொடர்புண்டு. அவருள் தமிழ் முசுலிம்களும் பலர்.

பிரான்சின் தேசிய நூலகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் நூற்றுக்கணக்கில் உள்ளன. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பணியாற்றிய ஏரியல் என்பார் திரட்டியவை அவற்றுள் பெரும்பகுதி. பாரிசில் தமிழ் கற்பித்த சூலியன் வின்சோன், உ. வே. சாமிநாதையரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். 1970-இல் மூன்றாம் உலகத் தமிழ் மாநாடு பாரிசில் நடைபெற்றது. ஈபெல் கோபுரத்தின் உயரத்தை மனப்பாடமாகச் சொல்லும் நம் மாணவருள் இதனை அறிந்தோர் எத்தனை பேர்?

புறப்பட்ட துறை

இத்தனை செல்வமும் எங்கிருந்து புறப்பட்டது என்று தேடினால், அடிச்சுவடு நம் கடற்கரையில் வந்து நிற்கின்றது.

1554-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், போர்ச்சுகல் தலைநகராகிய இலிசுபனில் ஒரு சிறுநூல் அச்சாயிற்று. தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அமைத்து, போர்ச்சுகீசியப் பொருளோடு அச்சிட்ட நூல் அது. தமிழை அரபு எழுத்தில் எழுதிப் படித்த மரபுடைய இக்கடற்கரைக்கு, வேற்றெழுத்தில் தமிழ் என்பது வியப்பூட்டும் செய்தி அன்று. அந்நூலை உருவாக்கியோர் அங்குச் சென்றிருந்த தமிழறிந்த மூவர்: வின்சென்டு தெ நசரேத், சோர்சு கார்வாலோ, தோமா த குருசு. ஐரோப்பியத் தலைநகர் ஒன்றுக்குச் சென்ற தமிழர் அங்கே ஒரு நூலை விட்டுவந்த முதற்காலச் செய்தி இது. கடற்பயணம் உயிரைப் பணயம் வைப்பதாக இருந்த நாளில் அவர்கள் செய்த செயல் அது.

அதன் பின்னர், அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்ரிக்கே என்ரிக்கசு, தமிழ் எழுத்திலேயே நூல்களை அச்சிடச் செய்தார். 1540-களில் இக்கரைக்கு வந்த அவர் 1600-இல் மறையும்வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, முத்துக்குளித்துறையில் வாழ்ந்தவர். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’, 1579-இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1586-இல் அடியார் வரலாறு கூறும் ‘புளோசு சாங்தோரும்’ என்னும் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல். இப்பெருநூல் அச்சான இடம் புன்னைக்காயல் என்பதே ஆய்வாளர் கருத்து. இம்முயற்சிகளுக்குப் பொருளுதவி புரிந்தோர் முத்துக்குளிக்கும் பரதவ மக்கள். மூச்சடக்கிக் கடலில் மூழ்கி ஈட்டிய பொருள் எழுத்தாக உருமாறிய வரலாறு இது.

1578-ஆம் ஆண்டு நூலின் படி அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. 1579-ஆம் ஆண்டு நூலின் படி பாரிசின் சோர்போன் நூலகத்தில் இருப்பதாகப் பதிவாகியுள்ளது. அடுத்த ஆண்டு வெளியான மற்றொரு நூலின் படி ஆக்சுபோர்டில். இலண்டனிலிருந்து ஆக்சுபோர்டுக்குத் தொடர்வண்டியில் ஒரு மணி நேரப் பயணம். அடியார் வரலாற்று நூலின் படி வத்திக்கானில். புன்னைக்காயலிலிருந்து செல்லும் ஒருவர், தம் ஊரோடு தொடர்புடைய நூல்கள் உள்ள நகரங்களின் வழியே செல்கிறார். ஆயினும் அவருக்கு அதைச் சொல்வார் இல்லை.

இரு மறுப்புகள்

சுற்றுலா செல்வோர் எல்லாரும் ஆராய்ச்சியாளரா, களைப்பாற வந்தவரை நூலகத்துள் அடைப்பது முறையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஓலைச்சுவடியைப் புரட்டிப் படிக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. பிரித்தானிய நூலகத்தின் அரும்பொருட் கூடத்தில் பழம் திருக்குர்ஆன் படிகளையும், கூட்டன்பர்க்கு அச்சிட்ட விவிலியத்தையும் கட்டணமின்றிக் காணலாம். தமிழ் நூல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்புவோர், அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் காட்டி வாசகர் அட்டை பெறலாம்; அதற்கும் கட்டணம் இல்லை. கோகினூரைக் காணப் பெருந்தொகை கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கும் நாம், ஒரு முற்பகலை இதற்கு ஒதுக்கலாகாதா?

மற்றொரு மறுப்பு கடுமையானது. அவை நம்மிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்டவை அல்லவா, அவற்றைச் சென்று வணங்கி வருவதா என்பர் சிலர். அவர்கள் சினத்தில் உண்மை உண்டு. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலிருந்து 2005-இல் காணாமற்போன சீகன்பால்குவின் 1715-ஆம் ஆண்டுத் தமிழ்ப் புதிய ஏற்பாடு இலண்டனில் இருப்பதைத் தமிழகக் காவல்துறையின் சிலைத்திருட்டுத் தடுப்புப் பிரிவு 2022-இல் கண்டறிந்தது. இத்தகையவை திரும்பப் பெறற்குரியவை. அதில் இருவேறு கருத்து இல்லை. ஆனால் விலைக்கு வாங்கியும், பதிவுச் சட்டத்தின்வழிப் பெற்றும், படியெடுத்தும் சேர்த்தவற்றை அதே கணக்கில் வைத்தல் தகாது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே இடத்தில் மட்டும் இருந்தவை ஒரே இரவில் அழிந்தன. லாச்சப்பலில் கடை வைத்திருக்கும் முதியவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் இதனை நம்மினும் நன்கு அறிவார். இலண்டனுக்கும் இப்பாடம் விலக்கன்று. 2023-இல் பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் நூற்பட்டியல் பல வாரங்கள் முடங்கிக் கிடந்தது. எனவே ஒரு நூல் பிழைத்திருக்க வேண்டுமாயின் அதன் படிகள் பல இடங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஓரிடம் அது பிறந்த ஊராக இருத்தல் வேண்டும்.

கொண்டு வந்தோர்

கொண்டு வருதல் இயலும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. ஏ. கே. செட்டியார் 1930-களின் இறுதியில் உலகைச் சுற்றினார். காந்தியடிகள் பற்றிய படச்சுருள்களைத் தேடித் திரட்டி ஆவணப்படமாக்கி 1940-இல் நாட்டுக்கு அளித்தார். தனிநாயகம் அடிகள் 1950-களில் ஐரோப்பிய நூலகங்களில் தமிழ் அச்சுநூல்களையும் கையெழுத்துப் படிகளையும் தேடினார். வத்திக்கானில் அவர் கண்ட அடியார் வரலாற்று நூலின் வழியாக, இராசமாணிக்கம் அடிகளின் பதிப்பு 1967-இல் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தால் வெளிவந்தது. உரோமை சென்ற நூல் நானூறு ஆண்டு நெருங்கும் வேளையில் மீண்டும் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் ஒரு பயணி. அவர் கையில் இருந்தது ஒரு குறிப்பேடு.

செய்யத்தக்கவை

இன்று அக்குறிப்பேட்டின் வேலையை நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியே செய்துவிடும். ஆகவே மூன்று செயல்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஐரோப்பா செல்வோர் ஒவ்வொரு தலைநகரிலும் ஒரு முற்பகலைத் தமிழுக்கென ஒதுக்க வேண்டும். பயண முகவரிடம் இதனைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. கேட்பார் இருந்தால் அவர்கள் தம் நிரலை மாற்றிக்கொள்வார்கள்.

இரண்டாவது, நம் மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் ஒன்றுகூடி, இந்நூலகங்கள் எங்குள்ளன, எவ்வாறு நுழைவது, எந்நூலைக் கேட்பது என்பதைக் கூறும் சிறு கையேடு ஒன்றை வெளியிட வேண்டும். பதினாறு பக்கம் போதும். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலும் அவ்வளவே.

மூன்றாவதும் இன்றியமையாததுமானது, புன்னைக்காயலிலேயே இந்நூல்களின் ஒளிப்படிகளைக் காட்சிக்கு வைப்பது. மூலப்படிகளைப் பெறுவது அரசுகளின் வேலை. ஒளிப்படிகளைப் பெறுவது ஒரு கல்லூரியால், ஓர் ஊர்ச் சபையால் இயலும். பள்ளியொன்றின் சுவரோ, நூலகத்தின் ஓர் அறையோ போதும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ புகழ்ந்த காயல் துறையின் சுற்றுப்புறம் இது. முத்துச் சலாபத்தில் பரதவரும் முசுலிம்களும் ஒரே கடலில் மூழ்கியவர்கள். அந்த அறையில் இலிசுபனின் உரோமன் எழுத்துத் தமிழும், அண்டிரிக் அடிகளாரின் அச்சும், காயல்பட்டினத்தின் அரபுத்தமிழ் ஏடும் அருகருகே இருப்பின், அது இவ்வூர்களின் முழு வரலாறாகும்.

அதைக் கண்டு வளரும் சிறுவன், பின்னாளில் பாரிசுக்குச் செல்லும்போது வடக்கு நிலையத்தில் இறங்கி முதலில் எத்திசையில் நடக்க வேண்டும் என்பதைத் தானே அறிந்திருப்பான். ஈபெல் கோபுரத்தையும் அவன் காணட்டும். அது எங்கும் போய்விடாது. ஆற்றுமுகத்தில் மணல் மூடி, முத்துச் சலாபமும் நின்றுபோன துறை நம்முடையது. எழுத்தையேனும் இளைய தலைமுறைக்கு விட்டுச்செல்வது நம் கடன்.