சைலன்சர், பம்பர், பெரிய டயர்... காரை மாற்றினால் ஜெயிலா? தென்காசி ரோட்டில் ஓட்டுபவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய சட்டம்

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் நெல்லை - தென்காசி நான்கு வழிச்சாலையில் ஓடும் வண்டிகளின் முகமே மாறிவிடும். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு காய்கறி மூட்டை ஏற்றி வரும் குட்டி யானைகளுக்கு நடுவே, உயரம் தூக்கிய ஜீப், கண்ணைப் பறிக்கும் வெள்ளை லைட், முன்னால் இரும்புக் குழாய் பம்பர், தெருவையே எழுப்பும் சைலன்சர் என ரகரகமான கார்கள் அருவியை நோக்கிப் போகும். கேட்டால் பதில் ரெடியாக இருக்கும்: "வண்டி என்னோடது, காசு என்னோடது. இதுல போலீசுக்கு என்ன அண்ணாச்சி?"

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. வண்டி உங்களோடதுதான், ரோடு எல்லாருக்கும் பொது. வண்டி ரோட்டில் இறங்க அரசு அனுமதி கொடுத்தது ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு மட்டும்தான். அந்த வடிவத்தின் விவரம்தான் உங்கள் ஆர்சி புத்தகத்தில் இருக்கிறது.

பிரிவு 52 என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுதான் இந்த விவகாரத்துக்கு ஆணிவேர். உற்பத்தி நிறுவனம் கொடுத்த விவரங்களும் ஆர்சியில் உள்ள விவரங்களும் வேறுபடும் அளவுக்கு உரிமையாளர் தன் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது.

இந்தப் பிரிவுக்கு எவ்வளவு பல் இருக்கிறது என்ற சந்தேகத்தை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. கேரளாவில் இருந்து போன வழக்கு அது. விதிகளுக்கு உட்பட்டு சில கட்டமைப்பு மாற்றங்களைச் செய்யலாம் என்ற பொருளில் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருந்ததை, நீதிபதி அருண் மிஸ்ரா, நீதிபதி வினீத் சரண் அமர்வு ஏற்கவில்லை. நிறுவனம் நிர்ணயித்த அடிப்படை அம்சங்களை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது, விதிகள் எல்லாம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவைதான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஏன் இவ்வளவு கறார்? ஒரு மாடல் விற்பனைக்கு வருவதற்கு முன்பு புனேயில் உள்ள ஏஆர்ஏஐ, சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ஆய்வு மையம் போன்ற இடங்களில் பிரேக், லைட், புகை, சத்தம், மோதல் பாதுகாப்பு என வரிசையாகச் சோதனைக்கு உட்படும். அதில் தேறியதற்குத்தான் சான்று. நீங்கள் டயரை இரண்டு அளவு பெரிதாக்கினால் ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமும் வண்டி ஓடும் வேகமும் ஒன்றாக இருக்காது, பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் மாறும். உயரத்தைத் தூக்கினால் திருப்பத்தில் கவிழும் வாய்ப்பு கூடும். அந்த வண்டியை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

உண்மையிலேயே ஜெயில் உண்டா?

2019-ல் திருத்தப்பட்ட சட்டத்தில் 182ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது. அதன் 4-வது உட்பிரிவு வண்டி உரிமையாளருக்கானது. அனுமதியில்லாத மாற்றம் செய்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு வார்த்தை இருக்கிறது. அந்த 5,000 ரூபாய் வண்டிக்கு அல்ல, ஒவ்வொரு மாற்றத்துக்கும். சைலன்சர், பம்பர், லைட், டயர் என நாலு வேலை பார்த்திருந்தால் கணக்கு 20,000 ரூபாய்க்குப் போகும்.

'ஜெயில் எல்லாம் பேப்பர்ல மட்டும்தான்' என்று நினைப்பவர்களுக்கு 2022-ல் ஸ்ரீநகரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மஹிந்திரா தார் வண்டிக்கு கூரை மாற்றி, பெரிய டயர், எல்இடி லைட், சைரன் எல்லாம் பொருத்தி ஓட்டியவருக்கு அங்குள்ள போக்குவரத்து நீதிமன்றம் 6 மாத சிறைத் தண்டனை விதித்தது. முன் குற்றம் எதுவும் இல்லாததால் அவரை உள்ளே அனுப்பவில்லை. 2 லட்சம் ரூபாய்க்கு பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு, 2 ஆண்டு நன்னடத்தை நிபந்தனையில் விட்டார்கள். வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் உத்தரவு போனது. தண்டனை பெற்றவர் என்ற பதிவு மட்டும் அவர் பெயரில் நின்றுவிட்டது. அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் காத்திருக்கும் வயதில் இப்படி ஒரு பதிவு எவ்வளவு தொல்லை என்று விளக்க வேண்டியதில்லை.

சத்தம், புகை, பாதுகாப்பு தரத்தை மீறி வண்டி ஓட்டினால் 190(2) தனியாக வரும். முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே 3 மாதத்துக்கு லைசென்ஸ் தகுதி இழப்பு. பிழைப்புக்கு வண்டி ஓட்டுபவருக்கு அபராதத்தைவிட இந்த 3 மாதம்தான் பெரிய அடி.

புளியரையைத் தாண்டினால்...

நம்ம பகுதிக்காரர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. செங்கோட்டை, புளியரை தாண்டினால் ஆரியங்காவு, அதாவது கேரளா. மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம் என்பதால் இரண்டு பக்கமும் விதி ஒன்றுதான். பிடிப்பதில்தான் வித்தியாசம். கேரள மோட்டார் வாகனத் துறை இந்த விஷயத்தில் ரொம்பக் கறார் என்று பெயர் எடுத்தது.

2021 ஆகஸ்டில் 'இ புல் ஜெட்' என்ற பெயரில் வீடியோ போட்டுவந்த கண்ணூர் சகோதரர்களின் வேனை அந்தத் துறை பறிமுதல் செய்தது. டிராவலர் வேனை கேரவனாக மாற்றி, லைட்டும் ஸ்டிக்கருமாக ஊர் சுற்றிய வண்டி அது. ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய் தகராறு செய்ததாக அவர்கள் கைதும் ஆனார்கள். வண்டியின் பதிவு 6 மாதத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 2024 மே மாதம் ஆலப்புழாவில் சஞ்சு டெக்கி என்ற யூடியூபர் டாடா சஃபாரி காருக்குள் தார்ப்பாய் விரித்து தண்ணீர் நிரப்பி, நீச்சல் குளம் ஆக்கி ரோட்டில் ஓட்டினார். தண்ணீர் கசிந்து ஏர்பேக் விரிந்தது. வீடியோ வைரலானது, அதிகாரிகளும் பார்த்தார்கள். லைசென்ஸ் போனது.

இரண்டு சம்பவத்திலும் அதிகாரிகளுக்கு வேலை வைக்காமல் ஆதாரத்தை எடுத்துக் கொடுத்தது சம்பந்தப்பட்டவர்களின் சொந்த வீடியோதான். அருவிக்கரையில் எடுத்து ரீல்ஸ் போடும்போது இதையும் கொஞ்சம் யோசித்துக்கொள்ளலாம்.

எதை மாட்டினால் என்ன பிரச்னை?

முதலில் முன்பக்க இரும்பு பம்பர். இதைத் தடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. மோதும்போது காரின் முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படிதான் வடிவமைப்பு இருக்கும். அந்த இடத்தில் இரும்புக் குழாயை நேராக சேஸிஸில் இறுக்கினால் அடி உள்ளே இருப்பவர்களுக்கு இறங்கும். ஏர்பேக் சென்சாரின் கணக்கும் தப்பலாம். ரோட்டைக் கடக்கும் ஆள் மேல் பட்டால், சாதாரண பம்பரில் எலும்பு முறிவோடு தப்பித்திருக்க வேண்டியவர் பிழைப்பதே கஷ்டம். காருக்குக் கீறல் விழாமல் இருக்க மாட்டுகிற சாமான் இது. யாரைப் பாதுகாக்கிறது என்று பார்த்தால் பெயின்ட்டை மட்டும்தான்.

கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் விவகாரம் கொஞ்சம் சிக்கலானது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டுவதையே தடை செய்தது. விதி 100-ன்படி முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். பிறகு அந்த விதி திருத்தப்பட்டதைக் காட்டி, இந்த அளவுக்கு உட்பட்ட தரமான ஃபிலிம் ஒட்டியவர்கள் மேல் நடவடிக்கை கூடாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி தமிழ்நாட்டில் ஒட்டிக்கொண்டு போனால் போலீஸ் மடக்காது என்று சொல்ல முடியாது. உள்ளே ஆள் இருக்கிறதே தெரியாத 'முழுக் கறுப்பு' எந்தத் தீர்ப்பின்படியும் கூடாது.

பல ராகத்தில் கத்தும் ஹாரனுக்கு விதி 119-ல் தடை, முன்னால் ஸ்பாட் லைட் மாட்ட விதி 111-ல் தடை. சைலன்சரைக் கழற்றுவதும் ஓட்டை போடுவதும் விதி 120-க்கு எதிரானவை. இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

ஆபத்தானது எது என்று கேட்டால் கேஸ்தான். பெட்ரோல் விலைக்குப் பயந்து பழைய ஆம்னியில் வீட்டுச் சமையல் சிலிண்டரைக் கவிழ்த்து மாட்டி ஓட்டுவது இன்னமும் சில ஊர்களில் நடக்கிறது. சமையல் கேஸை வண்டிக்குப் பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தோடு நிற்காது, அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்துக்குள்ளும் போகும். குழந்தைகளை ஏற்றிப் போகும் வேனில் இதைச் செய்பவரை 'பாவம், பிழைப்பு' என்று விட்டுவிட முடியாது.

லோடு வண்டிக்காரர்களுக்கும் இது உண்டு. காய்கறி, வைக்கோல் கூடுதலாக ஏற்றுவதற்காக குட்டி யானையின் பாடியை உயர்த்திக் கட்டுவதும், பின்னால் நீட்டுவதும், பட்டைக்கு மேல் பட்டை சேர்ப்பதும் மார்க்கெட் பக்கம் சகஜம். சட்டத்தின் கண்ணில் இதுவும் மாற்றம்தான். எஃப்சிக்குப் போகும்போது மட்டும் கழற்றி வைத்துவிட்டு மறுநாள் மாட்டுகிற வழக்கம், ஒரு விபத்து நடந்தால் எதிராகவே திரும்பும்.

விபத்து நடந்தால் பணம் யார் கட்டுவது?

அபராதத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இன்ஷூரன்ஸைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவரக்கூடியது இதுதான்.

பெரிய விபத்து என்றால் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து அறிக்கை தருவார். அதில் ஒரு வரி 'அனுமதியில்லாத மாற்றம்' என்று வந்துவிட்டால் இரண்டு பக்கமும் அது வேலை செய்யும். உங்கள் காருக்கான சேதத் தொகையைக் கேட்டால், பாலிசி எடுக்கும்போது சொல்லாத மாற்றத்தைக் காட்டி நிறுவனம் மறுக்கலாம். கேஸ் கிட் மாட்டியிருந்தால் அதை பாலிசியில் சேர்க்க வேண்டும் என்பது ஏஜென்ட் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், கேட்டால்தான் சொல்வார்கள்.

எதிரில் அடிபட்டவருக்கான இழப்பீடு வேறு கதை. அதில் இன்ஷூரன்ஸ் நிறுவனம் சட்டம் சொல்லும் குறிப்பிட்ட சில காரணங்களை மட்டுமே எழுப்பித் தப்பிக்கப் பார்க்க முடியும். முக்கியமான தகவலை மறைத்து பாலிசி வாங்கியது அவற்றில் ஒன்று. அந்த வாதம் எடுபடுகிறதோ இல்லையோ, வழக்கு இழுக்கும். ஓர் உயிர் போன வழக்கில் இழப்பீடு பல லட்சம் வரும். அதில் ஒரு பகுதியை உங்களிடம் வசூலிக்க உத்தரவு வந்தால் வீட்டுப் பத்திரம்தான் பதில் சொல்ல வேண்டும்.

இது போக கிரிமினல் வழக்கு. அலட்சியத்தால் மரணம் ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-ன்படி 5 ஆண்டு வரை சிறை. பிரேக்குக்குப் பொருந்தாத டயரோடும் அனுமதியில்லாத இரும்பு பம்பரோடும் ஓட்டியவர் "நான் கவனமாத்தான் வந்தேன்" என்று சொன்னால் அரசு வழக்கறிஞர் முதலில் ஆர்சியைத்தான் எடுத்துக் காட்டுவார்.

எதைச் செய்யலாம்?

எல்லாமே குற்றம் என்று பயப்படவும் வேண்டாம். சீட் கவர், மியூசிக் சிஸ்டம், மேட், பின்பக்க கேமரா மாதிரி வண்டியின் கட்டமைப்பைத் தொடாதவற்றால் ஆர்சி மாறாது. டயர், வீல் விஷயத்தில், அதே மாடலின் உயர் ரக வேரியண்டுக்கு நிறுவனமே கொடுக்கும் அளவைத் தாண்டாமல் இருந்தால் பொதுவாகச் சிக்கல் வராது.

கலரை மாற்றலாம், ஆனால் ஆர்சியில் கலரும் ஒரு விவரம். அதனால் ஆர்டிஓ அனுமதி வாங்கி, புதுக் கலரை ஏற்றிக்கொள்ள வேண்டும். முழு வண்டிக்கும் வேறு நிறத்தில் ஸ்டிக்கர் சுற்றுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சிஎன்ஜி, எல்பிஜி, மின்சார கிட் போன்றவற்றுக்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கிட், அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப், பிறகு ஆர்சியில் பதிவு. மாற்றம் செய்த 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் தங்கள் வசதிக்கு ஏற்ப வண்டியை மாற்றி அமைக்கவும் அனுமதி பெறலாம். டிஎன் 76 வண்டிகளுக்கு இந்த வேலை எல்லாம் தென்காசி ஆர்டிஓ அலுவலகத்தில்தான்.

பழைய கார் வாங்குபவர்கள் ஒரு விஷயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். முந்தைய ஓனர் செய்த மாற்றத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு என்று வாதாடலாம். ஆனால் அந்த வண்டியை ரோட்டில் ஓட்டுவது இப்போது நீங்கள். ஆர்சியில் உள்ள எஞ்சின் எண், சேஸிஸ் எண், எரிபொருள், கலர், சீட் எண்ணிக்கை எல்லாம் வண்டியோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள். 'பத்தாயிரம் செலவு பண்ணிப் போட்ட சைலன்சர், உங்களுக்கு ஃப்ரீ' என்று விற்பவர் சொன்னால், கழற்றிய பழைய சைலன்சர் எங்கே என்று கேளுங்கள்.

மாட்டிக்கொண்டால்?

நோட்டீஸ் வந்தால் ஒளிந்துகொள்வது உதவாது. பதிவை நிறுத்திவைப்பதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்று 53-வது பிரிவு சொல்கிறது. அந்தக் கட்டத்திலேயே மாட்டியதைக் கழற்றி, பழைய நிலைக்குக் கொண்டுவந்து, ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டிவிடுவது புத்திசாலித்தனம். பதிவை நிறுத்திவைத்து, அது இடைவெளி இல்லாமல் 6 மாதத்துக்குக் குறையாமல் நீடித்தால் ஆர்சியையே ரத்து செய்ய 54-வது பிரிவில் அதிகாரம் இருக்கிறது. உத்தரவு தவறு என்று நினைத்தால் 57-வது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு கைக்கு வந்த நாளில் இருந்து 30 நாள்தான் அவகாசம்.