பேச வேண்டிய பேச்சும் பேசப் போகும் பேச்சும்

நாளைக்கு சாயங்காலம் நாம்பள்ளியில் சார்மினார் எக்ஸ்பிரஸ் பிடிக்கணும். சென்னையில ரெண்டு நாள் வங்கியாளர் கருத்தரங்கு. எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்காங்க. தலைப்பு என்ன தெரியுமா? 'வாராக்கடன்: முன்கூட்டியே தெரியும் அறிகுறிகள்'. தங்கமணி சட்டைக்கெல்லாம் இஸ்திரி போட்டாச்சு. வாங்கிட்டு வர வேண்டிய அப்பளம், வடகம், காப்பித்தூள் லிஸ்ட்டும் பெட்டியில ஏறியாச்சு. எனக்குத்தான் மூணு நாளா சோறு இறங்கலை.

மேடை பயம் இல்லைங்க. பழைய கஸ்டமர் ஒருத்தரோட கேஷ் கிரெடிட் ரெனிவல் நோட்டுல நான் கையெழுத்துப் போடணும். மூணு மாச ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். தேதி மட்டும்தான் மாறியிருக்கு, சரக்கு ஒரு கிலோ கூட மாறலை. கோடவுனைப் பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன்னு எங்க சாரிடம் சொல்லணும். மனுஷர் நல்லவர்தான். ஆனா கோபம் வந்தா குரல் கேஷ் கவுண்டர் வரைக்கும் கேட்கும். கஸ்டமரோ அவருக்குப் பல வருஷப் பழக்கம்.

ஊருக்குப் போயிட்டு வந்து பேசிக்கலாம்னு தள்ளிக்கிட்டே இருந்தேன். "பொழைக்க வந்த இடம், நமக்கெதுக்கு வம்பு?" வெளியூர்ல இருக்கிற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இது மனப்பாடம். 2007ல இந்த ஊருக்கு வந்தேன். இன்னமும் பதட்டமானா என் தெலுங்கு தகராறு பண்ணும். 'மீரு' சொல்ல வேண்டிய இடத்துல 'நுவ்வு' வந்து விழுந்து தொலைச்சா?

ஸ்லைடு தயார் பண்றப்போதான் உறைச்சுது. தவணை தவறின கடன் 30 நாள் வரைக்கும் எஸ்.எம்.ஏ. பூஜ்யம், 60 வரைக்கும் ஒண்ணு, 90 வரைக்கும் ரெண்டு. அதைத் தாண்டினா வாராக்கடன். இதை ஊருக்கு உபதேசம் பண்ணப் போறவன், சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை 20 நாளா மென்னுக்கிட்டிருக்கேன்.

இங்கே ஒரு சின்ன கொசுவத்தி. 2009 ஜனவரி 7. சத்யம் ராமலிங்க ராஜுவோட கடிதம் வெளியான நாள். ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடின்னு கணக்குல காட்டியிருந்தாங்க. அதுல 5,040 கோடி இல்லவே இல்லைன்னு அவரே எழுதியிருந்தார். சின்னதா ஆரம்பிச்ச இடைவெளி வருஷா வருஷம் வளர்ந்துடுச்சாம். அதுக்கு நாலு மாசம் முன்னாடி, 2008 செப்டம்பர்லதான், நல்ல நிர்வாகத்துக்காக அந்தக் கம்பெனிக்கு 'கோல்டன் பீகாக்' விருது கொடுத்திருந்தாங்க. மேடையில எல்லாமே நல்லாத்தான் இருக்கும் போல.

வங்கி இருப்பை வங்கியிடமே நேரா கேட்டு உறுதி பண்ணணும். பி.காம். ஆடிட்டிங் பேப்பர்ல படிச்ச சாதா பாடம் இது. ஆனா அந்த உறுதிக் கடிதங்களை அனுப்புறது, வாங்குறது ரெண்டையும் ஆடிட்டர்கள் கம்பெனி நிர்வாகத்து கையிலேயே விட்டுட்டாங்கன்னு 2011ல அமெரிக்க எஸ்.இ.சி. சொல்லுச்சு. நேரா கேட்க வேண்டிய ஒரு கேள்வி, அவ்வளவுதான். கேட்டிருந்தா கொஞ்சம் மனஸ்தாபம் வந்திருக்கும். கேட்காததால ஐம்பதாயிரம் பேருக்கு மேல சம்பளம் வருமான்னு முழிச்சாங்க. எங்க அபார்ட்மெண்ட்டிலேயே ரெண்டு தமிழ்க் குடும்பம் அந்த வாரம் அடுப்பு மூட்ட மனசில்லாம இருந்ததைப் பார்த்தேன்.

எல்லாரும் மேலதிகாரியோட மல்லுக்கு நில்லுங்கன்னு சொல்ல வரலை. இ.எம்.ஐ. நாமதான் கட்டணும், பசங்க ஃபீஸும் நாமதான். என் கட்சி இதுதான்: சொல்லத்தான் வேணும்னா பூஜ்யத்திலேயே சொல்லிடணும். அப்போ அது வெறும் சந்தேகம், 90 நாள் தாண்டினா குற்றச்சாட்டு ஆயிடும். நாலு பேர் முன்னாடி வேண்டாம். பேப்பர் கையில இருக்கட்டும். "நீங்க தப்பு"ன்னு ஆரம்பிக்காம, "எனக்கு ஒரு சந்தேகம் சார்"னு ஆரம்பிக்கலாம். அடுத்து என்ன செய்யலாம்னும் நாமே சொல்லிடணும்.

இன்னிக்குக் காலைல, கவுண்டர் திறக்கறதுக்கு முன்னாடி, அவர் ரூமுக்குப் போனேன். மூணு பேப்பரையும் மேஜை மேல வெச்சேன். தெலுங்கு தடுமாறத்தான் செஞ்சுது. "எனக்கே பாடமா?"ன்னார். கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்தான். அப்புறம் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ரேப்பு பொத்துன்ன மீரே வெள்ளி சூடண்டி"ன்னார். நாளைக்குக் காலைல நீங்களே போய்ப் பாருங்கன்னு.

கோடவுன் பூட்டைத் திறந்தா உள்ளே என்ன இருக்கும்னு தெரியாது. சரக்கு முழுசா இருந்தா சாரிடம் நாலு வார்த்தை கேட்டுக்கணும், பரவாயில்லை. இல்லைன்னா, வந்தப்புறம் இதைவிடப் பெரிய பேச்சு ஒண்ணு பாக்கி இருக்கு. இன்னிக்கு ராத்திரி மட்டும் ரெண்டு தோசை கூடுதலா இறங்குச்சு.

உங்களுக்கும் இப்படி ஒரு பேச்சு பாக்கி இருக்கும். எத்தனை நாளாச்சுன்னு எண்ணிப் பாருங்க.