அடுப்புப் புகை கடல் தாண்டுமா?

காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் சாயங்காலமே கரி படிகிறதே என்று அலுத்துக்கொள்ளாத பெண் உண்டா? ஆலை கிடையாது, பஸ் ஓடாது, சுற்றிலும் கடல்தான் என்கிற தீவிலும் கரி படிகிறது என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

மாலத்தீவில் காஷிதூ என்று ஒரு குட்டித் தீவு. 1999 ஜனவரியிலிருந்து மார்ச் வரை பல நாட்டு விஞ்ஞானிகள் அங்கேயும், கப்பலிலும் விமானத்திலுமாக இந்துமாக்கடல் காற்றைச் சோதித்தார்கள். தலைமை ஏற்ற இருவரில் ஒருவர் வி. ராமநாதன்.

எப்படி அளந்தார்கள்? நம்ம காபி ஃபில்டர் மாதிரிதான். காற்றை பம்ப் வைத்து இழுத்து, வெள்ளை வடிதாள் வழியே விடுவார்கள். கரித்தூள் தாளில் தங்கிவிடும். பிறகு அதில் ஒளியைப் பாய்ச்சினால், எவ்வளவு ஒளி குறைகிறதோ அவ்வளவு கரி என்று கணக்கு.

குளிர்காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து கடலை நோக்கி வீசும். கழுவிவிட மழையும் குறைவு. அதனால் தெற்காசியாவின் புகை கடல் மேல் 3 கிலோமீட்டர் உயரம் வரை பழுப்புப் போர்வையாய்ப் படர்ந்திருந்தது. கடலுக்குப் போகிற வெயிலே குறைந்துபோயிற்று!

சரி, அது யார் வீட்டுப் புகை? அதையும் கண்டுபிடித்தார்கள். விறகு, வறட்டி, சருகு எரிந்த கரியில் ஒருவகைக் கதிரியக்கக் கார்பன் இருக்கும். பூமிக்குள் கோடிக்கணக்கான வருஷம் கிடந்த நிலக்கரியிலும் டீசலிலும் அது அழிந்துபோயிருக்கும். மாலத்தீவிலும் புனே அருகே சிங்ககட்டிலும் பிடித்த கரியைச் சோதித்து 2009-ல் முடிவு சொன்னார்கள்: பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை விறகும் சருகும் எரிந்த கரியாம்.

கடல் தாண்டுகிற புகை, முதலில் நுழைவது ஊதுகிறவள் நெஞ்சிலும், இடுப்பிலிருக்கும் குழந்தையின் நெஞ்சிலும்தானே? வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

வெந்நீருக்கு இன்னும் விறகுதான் என்றால், நன்றாகக் காய்ந்ததையே வையுங்கள். அடுப்புக்கு மேல் புகைபோக்கி இருக்கட்டும். கைக்குழந்தையை அந்தப் பக்கமே விடாதீர்கள். சருகைக் கொளுத்தாமல் குழியில் போட்டால் செடிக்கு உரமாச்சு.

ஒரு நல்ல சேதி: கரித்தூள் காற்றில் ஓரிரு வாரத்துக்கு மேல் தங்காது. புகையை இன்று குறைத்தால், பலனை நாமே கண்ணால் பார்க்கலாம்.