தேடி வரும் தாய்

புனே அருகே தேஹூவில் வாழ்ந்த பக்திக் கவிஞர் துக்காராமின் அபங்கங்களில், அதாவது மராத்திப் பக்திப் பாடல்களில், ஊறியவர் மராத்திக் கவிஞர் நாராயண் வாமன் திலக். துக்காராம் என்ற பாலத்தைக் கடந்தே கிறிஸ்துவிடம் வந்ததாகச் சொன்னவர். 1895-இல் ஞானஸ்நானம் பெற்ற பிறகும் அபங்கத்தை விடவில்லை. பிரான்சிஸ் தாம்சனின் புகழ்பெற்ற ஆங்கிலக் கவிதையில் கடவுள், ஓடுகிறவனை விடாது துரத்தும் வேட்டைநாய். திலக்குக்கோ கிறிஸ்து தாய், குருவும் அவளே. எனக்கு இந்தத் தாய்தான் நெருக்கம். பண்டரிபுரத்துத் தெய்வமான விட்டலனையே ‘மாவுலி’ என்று, தாயாக, அழைக்கும் மண்ணல்லவா மராட்டிய மண்! மதம் மாறியவர் தம் மக்களின் பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. அதனால்தான் அவர் மறைந்து நூறாண்டு கடந்தும் மராத்தி தேவாலயங்களில் அவர் பாடல்கள் ஒலிக்கின்றன. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் கிறிஸ்தவக் காப்பியமான ‘இரட்சணிய யாத்திரிக’த்தில் தோய்ந்த தமிழர்கள் திலக்கையும் அவசியம் படிக்க வேண்டும்.