கல் இல்லாத நாட்டில் கல் படிப்பு!

தஞ்சாவூர் வயலில் இறங்கி ஒரு கல்லைத் தேடிப் பாருங்கள். கிடைக்காது! நாற்று நடும் பெண்ணின் கையில் சேறு படும், நண்டு படும், கல் படாது. அத்தனையும் காவிரி கொண்டு வந்து கொட்டிய வண்டல்.

ராஜராஜ சோழன் பெரிய கோவிலைக் கட்டினான். 1010-ம் ஆண்டில் வேலை முடிந்தது. அந்தக் கோவிலின் கருங்கல்லில் ஒன்றுகூடத் தஞ்சை வயலில் வெட்டியது அல்ல. எல்லாம் வெளியூரிலிருந்து வந்த கல்.

இப்படிப்பட்ட நாட்டில் பிறந்த பையன்களும் பெண்களும் கல்லைப் பற்றிப் படிக்கப் போகிறார்கள். அந்தப் படிப்புக்கு நிலவியல் என்று பெயர். பூகர்ப்ப இயல் என்றும் சொல்லுவார்கள். பூமிக்குள் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் படிப்பு அது. இரும்பு, செம்பு, சுண்ணாம்புக்கல், நிலக்கரி, எண்ணெய், தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம்.

"நெல் விளைகிற ஊரில் கல் படிப்பு எதற்கு?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

படிப்பு வேண்டும். ஆனால், வகுப்பில் உட்கார்ந்து படித்தால் மட்டும் போதாது. காட்டிலும் மேட்டிலும் நடந்து படிக்க வேண்டும். நடக்காத படிப்புக்கு வேலையும் கிடைக்காது. அதனால் ஊருக்கு நன்மையும் கிடையாது.

நடந்தவர் கண்டார்

இந்தியாவில் தாதுப் பொருள்களைத் தேடுவதற்கென்று ஒரு சர்க்கார் இலாகா இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை என்று பெயர். 1851-ம் ஆண்டில் தொடங்கியது. நூறு ஆண்டுக் காலம் அதற்கு வெள்ளைக்காரர்களே தலைவர்களாக இருந்தார்கள். 1951-ல் முதன்முதலாக ஓர் இந்தியர் தலைவரானார். அவர் யார் தெரியுமா? எம். எஸ். கிருஷ்ணன் என்ற தமிழர்!

இந்தியா, பர்மா நாடுகளின் நிலவியல் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1943-ல் வெளிவந்தது. மாணவர்கள் பல ஆண்டுகள் அதைப் பாடமாகப் படித்தார்கள். அவ்வளவு பெரிய நூலை எழுதியவர், எழுதிக்கொண்டே உட்கார்ந்திருக்கவில்லை. ஊர் ஊராக நடந்தார். பெரம்பலூர் ஜில்லா சாத்தனூரில் கல்லாகிப் போன ஒரு மரம் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். சுமார் 60 அடி. வயது சுமார் 12 கோடி ஆண்டு! அது வெறும் பாறை அல்ல, மரம் என்று 1940-ம் ஆண்டில் உலகுக்குச் சொன்னவர் கிருஷ்ணன்தான். மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்குமா?

நெய்வேலிக் கதையும் அப்படித்தான். 1934-ல் ஜம்புலிங்க முதலியார் தம்முடைய நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு தோண்டினார். தண்ணீருடன் கறுப்பாக ஏதோ வந்தது. "என்னவோ அழுக்கு" என்று அவர் விட்டுவிடவில்லை. அது என்ன என்று கேட்டார். பிறகு நிபுணர்கள் வந்து துளை போட்டுப் பார்த்தார்கள். பழுப்பு நிலக்கரி! 1956-ல் அங்கே சர்க்கார் நிறுவனம் ஏற்பட்டது. நிலத்துக்காரரின் கண்ணும் நிபுணரின் கண்ணும் சேர்ந்ததால் வந்த பலன் அது.

கொள்ளிடத்துக்கு அப்பால்

தஞ்சைப் பிள்ளைகள் கல்லைப் பார்க்க வெகு தூரம் போக வேண்டியதில்லை. கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே போனால் அரியலூர். அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகளும், நத்தை போலச் சுருண்ட பிராணிகளும் இன்று கல்லாகக் கிடக்கின்றன. அந்தச் சுண்ணாம்புக்கல்லைத்தான் சிமெண்டு ஆலைகள் வெட்டி எடுக்கின்றன.

பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் அந்தப் பாறைகளை அளந்து, 1862-ல் அறிக்கை வெளியிட்டார். அன்று முதல் உலகத்து நிபுணர்கள் அந்த இடத்தை அறிவார்கள். பல ராஜ்யங்களிலிருந்து மாணவர்கள் ரயில் ஏறி வந்து, காரை என்ற கிராமத்தின் செம்மண் ஓடைகளில் பாடம் படிக்கிறார்கள்.

இதில் தஞ்சைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அரியலூரில் வெளியே தெரிகிற பாறை அடுக்குகள் கிழக்கே போகப் போகப் பூமிக்குள் இறங்குகின்றன. அதே காலத்து அடுக்குகள் டெல்டாவின் வயல்களுக்கு அடியில் வெகு ஆழத்தில் புதைந்து கிடக்கின்றன. தஞ்சையின் அடிவயிற்றில் இருப்பதை அரியலூர் திறந்து காட்டுகிறது! நரிமணத்தில் எண்ணெய் எடுக்கிறார்களே, அந்த எண்ணெயைத் தேடியவர்களுக்கும் அரியலூர்ப் பாறைகள் பாடப் புத்தகமாக உதவின.

பையில் என்ன இருக்கிறது?

கல் படிக்கப் போகிற மாணவரின் பையைத் திறந்து பாருங்கள். ஒரு சுத்தியல். ஒரு திசைகாட்டி. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சிறு கண்ணாடி. ஒரு சிறு புட்டியில் நீர்த்த அமிலம். ஒரு வரைபடம். ஒரு நோட்டுப் புத்தகம். பென்சில். குடிதண்ணீர். அவ்வளவுதான்.

சாமான் சுலபம்; உபயோகிப்பதுதான் கஷ்டம். சுண்ணாம்புக்கல்லின் மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும். திசைகாட்டியைப் பாறையின் மேல் வைத்து, அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று அளக்க வேண்டும். ஒரே அளவில் அடி எடுத்து வைத்துத் தூரத்தைக் கணக்கிட வேண்டும். எடுத்த கல்லுக்கு உடனே எண் போட வேண்டும். எந்த இடம், எந்த நாள் என்று எழுத வேண்டும். "ராத்திரி அறைக்குப் போய் எழுதிக்கொள்ளலாம்" என்று நினைத்தால் கெட்டது காரியம்! பத்துக் கல் ஒன்றாகக் கலந்த பிறகு எது எங்கே எடுத்தது என்று யாருக்குத் தெரியும்?

இப்போது செல்போனே இடத்தைக் காட்டிவிடுகிறது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் படம் எடுத்து அனுப்புகிறது. நல்லதுதான். ஆனால், படத்தில் சிவப்பாகத் தெரிவது இரும்புக் கல்லா, வெறும் செம்மண்ணா? அருகில் போய்க் கையில் எடுத்துப் பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

தஞ்சையை அடுத்த வல்லத்தில் கிடைத்த பளிங்குக் கல்லை அறுத்துத் தேய்த்து, அந்தக் காலத்தில் மூக்குக்கண்ணாடி செய்தார்கள். அந்தக் கைவினைஞர்கள் கல்லூரிக்குப் போனவர்கள் அல்ல. கல்லைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்துப் பழகிய கண் அவர்களுக்கு இருந்தது. அந்தப் பழக்கம்தான் இன்றைய மாணவர்களுக்கும் வேண்டும்.

கொட்டாங்கச்சிப் பாடம்

கல் இல்லாத ஊரிலும் இந்தப் பழக்கத்தைத் தொடங்கலாம். கிராமத்தில் யாராவது ஆழ்துளைக் கிணறு போட்டால், நிலவியல் படிக்கும் பிள்ளை அங்கே போய் நிற்கட்டும். பத்து அடிக்கு ஒரு தரம் மேலே வரும் மண்ணில் ஒரு பிடி எடுத்து, ஒரு கொட்டாங்கச்சியில் வைக்கட்டும். களிமண்ணா, பொடி மணலா, பரு மணலா, என்ன நிறம் என்று எழுதட்டும். வரிசையாக வைத்தால், பூமியின் உள்ளே இருக்கும் அடுக்கு கண்ணெதிரே தெரியும்!

பெரிய கம்பெனிகள் பல லட்சம் செலவு செய்து துளை போடும் இடத்தில் நிலவியலாளர் செய்வதும் இதே வேலைதான். மேலே வரும் பாறைத் துணுக்கைப் பார்த்து, ஆழத்தையும் பொருளையும் எழுதுவது. கொட்டாங்கச்சியில் பழகியவருக்கு அது புதிதாக இராது.

இதனால் ஊருக்கும் லாபம். நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோர ஊர்களில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கிறது. எந்த ஆழத்தில் நல்ல தண்ணீர், எந்த ஆழத்தில் உப்பு நீர் என்று தெரிந்துகொண்டு கிணறு போட வேண்டும். நம்பகமான கணக்கு எழுதி வைக்க ஆள் வேண்டாமா?

விவசாயியின் கோபம்

இன்று டெல்டாக் கிராமத்தில் ஒருவர் திசைகாட்டியும் வரைபடமுமாக வரப்பில் நின்றால், ஊரே கூடிவிடும். "யார் நீ? யார் அனுப்பினார்கள்?" என்று கேட்பார்கள். கோபத்துக்குக் காரணம் உண்டு. நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் வாயு எடுக்கும் திட்டம் வந்தபோது, தண்ணீர் போய்விடும், வயல் பாழாகிவிடும் என்று ஜனங்கள் பயந்தார்கள். 2017-ல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் பெண்களும் குழந்தைகளும்கூடப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 2020-ல் தமிழக சட்டசபை ஒரு சட்டம் செய்தது. அதன்படி டெல்டா, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்று. அங்கே எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் புதிதாகத் துளை போடக் கூடாது. அப்புறமும் 2023-ல் நிலக்கரி ஏலப் பட்டியலில் தஞ்சை ஜில்லா வடசேரியின் பெயர் வந்தது. எதிர்ப்பு எழுந்தது. மத்திய சர்க்கார் அதை நீக்கிவிட்டது.

"அப்படியானால் இந்தப் படிப்பு டெல்டாவுக்கு விரோதி அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை! சோறு போடும் வயலைக் காப்பது சரியே. ஆனால், பூமிக்கு அடியில் இருப்பதைத் தெரிந்துகொள்வது வேறு; தோண்டி எடுப்பது வேறு. நாளைக்கு ஒரு திட்டக்காரர் வந்து, "நிலத்தடி நீருக்கு ஒன்றும் ஆகாது" என்று சொன்னால், அது மெய்யா பொய்யா என்று ஊருக்காகப் பரிசோதித்துச் சொல்லப் போவது யார்? இந்தப் படிப்பைப் படித்த ஊர்ப் பிள்ளைதானே!

எனவே, மாணவருக்கு முதல் பாடம் சுத்தியல் அல்ல, பேச்சு. நிலத்தில் கால் வைக்கும் முன்பு நிலத்துக்காரரிடம், "ஐயா, நாங்கள் இன்ன கல்லூரிப் பிள்ளைகள், இன்ன காரியமாக வந்திருக்கிறோம், உள்ளே வரலாமா?" என்று கேட்க வேண்டும். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டும். எந்த மேட்டில் ஈரம் நிற்காது, எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது என்பதெல்லாம் அந்த விவசாயிக்குத் தெரியும். மரியாதையாகக் கேட்டால் அவரே பாதிப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்.

வேலை எங்கே?

பெற்றோரின் அடுத்த கேள்வி இதுதான். நிலவியல் ஆய்வுத் துறைக்கு யு.பி.எஸ்.சி. பரீட்சை மூலம் ஆள் எடுக்கிறார்கள். எண்ணெய்க் கழகம், நிலத்தடி நீர் வாரியம், மாநிலக் கனிமவளத் துறை, சுரங்கக் கம்பெனிகள் ஆகியவற்றிலும் இடம் உண்டு. செல்போனுக்கும் மின்சார வண்டிக்கும் வேண்டிய லித்தியம் முதலிய முக்கியக் கனிமங்களைத் தேட, 2025 ஜனவரியில் மத்திய மந்திரி சபை ஒரு தேசியத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. தேட வேண்டியது அதிகம். தேடத் தெரிந்தவர்கள் வேண்டும்.

பரீட்சையில் தேறியவரைக்கூட சர்க்கார் நேரே வேலைக்கு அனுப்புவதில்லை. ஐதராபாத்தில் பயிற்சி நிலையம் வைத்திருக்கிறது. கர்நாடகத்துச் சித்திரதுர்காவிலும், ராஜஸ்தானத்துச் சாவரிலும் முகாம் வைத்துப் பாறையில் ஏற்றி இறக்குகிறது. பட்டம் மட்டும் போதாது என்று சர்க்காருக்கே தெரிகிறது. அந்தப் பயிற்சியைக் கல்லூரி நாளிலேயே கொடுத்தால் என்ன?

பெண் பிள்ளைகளை அனுப்பலாமா?

"வெயிலில் மலை ஏறுவது பெண்ணுக்கு ஆகுமா?" என்று தாய்மார்கள் தயங்குகிறார்கள். தஞ்சை வயலில் முழங்கால் சேற்றில், நாள் முழுதும் குனிந்து நாற்று நடுவது யார்? பெண்கள்தானே! அந்தக் கையால் சுத்தியல் பிடிக்க முடியாதா?

பயம் வெயிலைப் பற்றியது அல்ல, பாதுகாப்பைப் பற்றியது. அந்தப் பயம் நியாயமானது. அதைப் போக்குவது கல்லூரியின் பொறுப்பு. முகாமில் ஆசிரியை கூட இருக்க வேண்டும். தங்குவதற்குப் பத்திரமான இடம், கழிப்பறை, வைத்திய வசதி இருக்க வேண்டும். இதைச் செய்யாமல், "பெண்கள் வர வேண்டாம், நோட்டைப் பார்த்து எழுதினால் போதும்" என்று சொன்னால், அது அவர்களுடைய வேலையைப் பறிப்பதற்குச் சமம்.

என்ன செய்ய வேண்டும்?

சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, சேலம் பெரியார் பல்கலைக்கழகம், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இந்தப் படிப்பு இருக்கிறது. எங்கே படித்தாலும் சரி, ஒவ்வோர் ஆண்டும் பயிற்சி முகாம் வேண்டும். பஸ்ஸில் போய்ப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவது உல்லாசப் பயணம், பயிற்சி அல்ல. முன்னால் படித்தவரின் நோட்டைப் பார்த்து எழுதியவருக்கு மார்க் கொடுக்கக் கூடாது. பாறை முன்னால் நிறுத்தி, "இது என்ன? எப்படித் தெரியும்?" என்று கேட்டு மார்க் போட வேண்டும்.

முகாம் செலவை ஏழை மாணவரின் தலையில் கட்டக் கூடாது. மூன்று போகமும் தண்ணீரை நம்பிப் பிழைக்கிற குடும்பம், அறுவடைக்கு முன்பு சில ஆயிரம் ரூபாய்க்கு எங்கே போகும்? பணம் இல்லாத காரணத்தால் ஒரு பிள்ளைகூட முகாமுக்குப் போகாமல் நின்றுவிடக் கூடாது. அந்தச் செலவைக் கல்லூரியும் சர்க்காரும் ஏற்க வேண்டும்.

தஞ்சை விவசாயி மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்துத்தான் விதை விடுகிறார். புத்தகத்தைப் பார்த்து விடுவதில்லை. அவருடைய பிள்ளையும் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துப் படிக்கட்டும்!