துக்கம் விசாரித்தல்

சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு துக்கம் நேர்ந்தது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. படிப்பை முடித்து வேலையில் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. மாலையில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து வந்தவன், தெருமுனையில் மூடியில்லாமல் கிடந்த மின்சாரப் பெட்டியின் அருகே விழுந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் நானும் என் தாயாரும் துக்கம் விசாரிக்கப் போனோம். துக்க வீட்டுக்குப் போவதற்கு நம்மிடையே சில முறைகள் உண்டு என்பது நேயர்களுக்குத் தெரியும். அழைப்பு வேண்டியதில்லை. அங்கே அடுப்பு எரியாது; ஆகையால் அக்கம் பக்கத்தார் சமைத்து அனுப்ப வேண்டும். திரும்பும்போது "போய் வருகிறேன்" என்று சொல்லக் கூடாது. அதிகம் பேசவும் கூடாது. ஏதாவது பேசித்தான் ஆக வேண்டுமென்றால், இருக்கவே இருக்கிறது ஒரு வார்த்தை: "எல்லாம் விதி!"

அன்று ஒரு பெரியவர் அந்த வார்த்தையைத்தான் சொன்னார். "என்னம்மா செய்வது? அவன் விதி அவ்வளவுதான்" என்றார்.

அதுவரை சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்த தாய் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"விதி என்று சொல்லாதீர்கள், மாமா. அந்தப் பெட்டிக்கு மூடி இல்லை என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தோம். மூன்றாவது மனுவைக் கொண்டு போய்க் கொடுத்தவனே அவன்தான்!"

கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. பெரியவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வரும் வழியில் என் தாயார், "பாவம், துக்கத்திலே அவளுக்குக் கோபமும் வந்துவிட்டது" என்றார். துக்கத்தோடு கோபமும் வந்த வேறோர் ஊர் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அந்த ஊரைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

மத்தியதரைக் கடலின் கரையில் லெபனான் என்று ஒரு சிறிய தேசம் இருக்கிறது. அதன் தலைநகரம் பெய்ரூட். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 4-ந் தேதி மாலை, அந்நகரத்துத் துறைமுகத்தில் ஒரு கிடங்கு தீப்பற்றிக்கொண்டது. வெண்ணிறப் புகை எழும்புவதைக் கண்ட ஜனங்கள் ஜன்னல் ஓரத்திலும் மாடி முகப்பிலும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தீயணைக்கும் படையிலிருந்து பத்துப் பேர் விரைந்து போனார்கள். அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆறு மணி ஏழு நிமிஷத்துக்கு அந்தக் கிடங்கு வெடித்தது. இருநூறு கிலோ மீட்டருக்கு அப்பால், கடல் நடுவே இருக்கும் சைப்ரஸ் தீவில்கூட அந்த ஓசை கேட்டது. நகரத்தின் பாதி ஜன்னல்கள் ஒரே நொடியில் கத்திகளாக மாறிப் பறந்தன. இருநூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆறாயிரத்து ஐந்நூறுக்கு மேல் காயம். சுமார் மூன்று லட்சம் பேருக்கு இருக்க வீடில்லாமல் போயிற்று. போன பத்துப் பேரில் ஒருவரும் திரும்பவில்லை. இடிந்துபோன ஓர் ஆஸ்பத்திரியில், மூன்று பச்சிளம் சிசுக்களை அணைத்துக்கொண்டு, டெலிபோனில் பேசியபடி நிற்கிறாள் ஒரு நர்ஸ். அந்தப் படத்தை உலகமெங்கும் பத்திரிகைகள் வெளியிட்டன. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

அப்படி என்னதான் இருந்தது அந்தக் கிடங்கில்? 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். இதை வயலுக்கு உரமாகவும் போடுவார்கள். பாறையைப் பிளக்கும் வெடிமருந்திலும் சேர்ப்பார்கள். பத்திரமாக வைத்திருந்தால் சாது. ஏராளமாகக் குவித்துவைத்து, நெருப்பையும் பக்கத்தில் வரவிட்டால் அதைப் போன்ற எமன் கிடையாது.

அந்தச் சரக்கு பெய்ரூட்டுக்கு வர வேண்டியதே இல்லை! ஜார்ஜியாவிலிருந்து ஆப்பிரிக்காவில் உள்ள மொஸாம்பிக்குக்குப் போகக் கிளம்பிய ஓர் ஓட்டைக் கப்பல், 2013-ஆம் ஆண்டு நவம்பரில் வழியில் அங்கே ஒதுங்கியது. கட்ட வேண்டிய கட்டணத்தைக் கட்டவில்லை. கப்பலும் கடலில் போகத் தகுதியற்றது என்று தடுத்து நிறுத்திவிட்டார்கள். சொந்தக்காரர் கைகழுவிவிட்டார். 2014-ல் சரக்கை இறக்கி 12-ஆம் நம்பர் கிடங்கில் போட்டார்கள். ஆறு வருஷம் அது அங்கேயே கிடந்தது. வீடுகளும் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் நிறைந்த ஊருக்கு வெகு சமீபத்தில்!

ஒருவருக்கும் தெரியாமலா கிடந்தது? இல்லை. சுங்க இலாகா அதிகாரிகள், இதை அப்புறப்படுத்த உத்தரவு வேண்டும் என்று கோர்ட்டுக்குப் பல தடவை எழுதினார்கள். வெடிப்பதற்கு இரண்டு வாரம் முன்னால், 2020 ஜூலை 20-ந் தேதி வாக்கில், ஜனாதிபதிக்கும் பிரதம மந்திரிக்குமே எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. மனு, கடிதம், மறுபடியும் கடிதம். எங்கள் தெருப் பெட்டியின் கதைதான். அளவு மட்டுமே வேறு.

மறுநாள் காலையில் பெய்ரூட் பெண்களும் இளைஞர்களும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். சர்க்கார் ஆட்களுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. கண்ணாடித் தூளைப் பெருக்கினார்கள். முன்பின் தெரியாத கிழவர்களின் வீட்டு மாடிப்படியைச் சுத்தம் செய்தார்கள். அந்தத் தேசத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சிரியா நாட்டு அகதிகளும், பாலஸ்தீன அகதிகளும் கூட வந்து பெருக்கினார்கள். கல்வி மந்திரி தாமும் ஒரு துடைப்பத்தோடு வந்து சேர்ந்தார். "ராஜினாமா செய்!" என்று கூச்சலிட்டு ஜனங்கள் அவரைத் துரத்திவிட்டார்கள்.

துறைமுகத்தைப் பார்த்த ஒரு சுவரில், "இதைச் செய்தது என்னுடைய சர்க்கார்" என்ற பொருளில் யாரோ பெரிதாக எழுதிவைத்தார்கள். ஆகஸ்ட் 8-ந் தேதி நகரத்தின் நடுவிலுள்ள தியாகிகள் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி, தூக்குமரம் நட்டு, தலைவர்களின் உருவங்களைத் தொங்கவிட்டார்கள். 10-ந் தேதி மந்திரிசபை ராஜினாமா செய்தது.

உலகமும் சும்மா இருக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தது. பாரிஸில் ஈஃபில் கோபுரத்தின் விளக்குகளை ஒருநாள் நடு இரவில் அணைத்தார்கள். துபாயின் புர்ஜ் கலீபா கட்டடத்தில் லெபனான் கொடியை ஒளியில் வரைந்தார்கள். கத்தாரிலிருந்து நடமாடும் ஆஸ்பத்திரிகள் வந்தன. ஈராக்கிலிருந்து டாக்டர்களும், சைப்ரஸிலிருந்து மோப்ப நாய்களும் வந்தார்கள். நம் இந்தியாவும் விமானப்படை விமானத்தில் மருந்தும் உணவுப் பொருள்களுமாக 58 டன் அனுப்பிவைத்தது.

வெகு தூரத்திலுள்ள சிலி தேசத்திலிருந்தும் ஒரு மீட்புக் கோஷ்டி வந்தது. வெடித்து ஒரு மாதம் கழிந்து, செப்டம்பர் தொடக்கத்தில், அவர்களுடைய நாய் ஓர் இடிந்த கட்டடத்தின் எதிரே நின்றுவிட்டது. கருவியை வைத்துப் பார்த்தால் நாடித் துடிப்பு போல ஏதோ கேட்டது. ஊரே அங்கே கூடிவிட்டது. சுவர் சரிந்துவிடும் என்று இரவில் வேலையை நிறுத்தியபோது, "நீங்கள் தோண்டாவிட்டால் நாங்கள் தோண்டுகிறோம்" என்று ஜனங்கள் போராடினார்கள். வேலை மறுபடி தொடங்கியது. இரண்டு மூன்று நாள் தோண்டியும் அங்கே உயிரோடு ஒருவரும் இல்லை. ஆயினும் உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்த அந்நியர்கள் ஒவ்வொரு கல்லாகக் கையால் எடுத்துவைத்ததை அந்த ஊர் மறக்காது என்றே நினைக்கிறேன்.

பிரெஞ்சு ஜனாதிபதி ஆகஸ்ட் 6-ந் தேதியே அந்தத் தெருக்களில் நடந்தார். சூழ்ந்துகொண்ட ஜனங்கள் அவரிடம் முதலில் கேட்டது பணம் அல்ல. எங்கள் ஆட்சியாளர் கையில் ஒரு காசும் கொடுக்காதீர்கள் என்பதுதான்! அடுத்த சில நாளில் பல தேசங்கள் கூடி, 25 கோடி யூரோ அளவுக்கு உதவி அறிவித்தபோது, அது நேரே ஜனங்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றும் சேர்த்தே அறிவித்தன. உதவி கொடுப்பவரும் பெறுபவரும் நடுவில் இருப்பவரை நம்பவில்லை. ஒரு தேசத்துக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு உண்டா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேசியத் துக்கம் என்கிறோம். ஆனால் மாண்டவர்கள் லெபனான் தேசத்தார் மட்டுமல்ல. சிரியாக்காரர்கள் பலர் இறந்தார்கள். பங்களாதேஷ், பிலிப்பைன்ஸ், எதியோப்பியாவிலிருந்து கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனவர்களும் இறந்தார்கள். இலங்கையிலிருந்தும் எத்தனையோ ஆயிரம் பெண்கள் குழந்தைகளைத் தாயாரிடம் விட்டுவிட்டு அந்த ஊர்ச் சமையலறைகளுக்குப் போயிருக்கிறார்கள். வெடிப்புக்குச் சில வாரங்களுக்கு முன்புதான், பணமுடை வந்ததும், சம்பளமும் கொடுக்காமல் எதியோப்பியப் பெண்களை அவர்கள் தூதரக வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள் சில எஜமானர்கள். வெகு தூரத்துத் துக்கத்துக்கு உருகுவது சுலபம். நம் வீட்டுக்குள் பாத்திரம் தேய்ப்பவளின் துக்கத்தை விசாரிப்பதுதான் கஷ்டம். பெய்ரூட்டுக்கு மட்டும் சொல்லவில்லை.

விசாரிப்பது என்ற வார்த்தையைக் கவனித்தீர்களா? துக்க வீட்டுக்குப் போய் உட்காருவதையும் விசாரிப்பது என்கிறோம். குற்றம் யாருடையது என்று கோர்ட்டில் கேட்பதையும் விசாரிப்பது என்கிறோம். பெய்ரூட் தாய்மார்களுக்கு முதல் விசாரிப்பு உலகெங்கிலுமிருந்து வந்து குவிந்தது. இரண்டாவதுதான் வரவில்லை.

விசாரணைக்கென்று நியமித்த முதல் நீதிபதி, முன்னாள் மந்திரிகள் மீது குற்றம் சாட்டினார். 2021 பிப்ரவரியில் அவரை நீக்கினார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று, வெடிப்பில் அவர் வீடும் சேதமாயிற்றாம். ஆகையால் நடுநிலை இராதாம்! அடுத்து வந்த நீதிபதி பெரிய மனிதர்களைக் கூப்பிட்டதும், அவர் மேல் வழக்கு மேல் வழக்காகப் போட்டு 2021 கடைசியில் வேலையை நிறுத்திவைத்தார்கள். 2023 ஜனவரியில் அவர் மறுபடி தொடங்கினார். உடனே தலைமை அரசு வக்கீல் அவர் மீதே குற்றம் சாட்டி, காவலில் இருந்த அத்தனை பேரையும் விடுதலை செய்துவிட்டார். 2025 ஜனவரியில் விசாரணை இன்னொரு முறை உயிர் பெற்றது. அந்த வருஷம் ஆகஸ்டில் ஐந்தாம் நினைவு நாள் வந்தபோதும் தீர்ப்பு வரவில்லை.

ஆனால் ஒவ்வொரு மாதமும் 4-ந் தேதி, மாண்டவர்களின் படங்களை ஏந்திக்கொண்டு தாய்மார்களும் மனைவிமார்களும் சகோதரிகளும் தெருவில் வந்து நின்றார்கள். துறைமுகத்தில் பாதி இடிந்து நின்ற தானியக் களஞ்சியத்தை இடித்துவிடலாம் என்று 2022-ல் சர்க்கார் தீர்மானித்தபோது, கூடாது என்று தடுத்தவர்களும் அவர்களே. கண்முன்னால் இருக்கும் வரையில்தான் கேள்வியும் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். பெய்ரூட் வெடித்த அதே வாரம் நம் சென்னையிலும் ஒரு சங்கதி வெளிவந்தது. 2015-ல் பறிமுதல் செய்த அதே அம்மோனியம் நைட்ரேட், சுமார் 700 டன், வடசென்னையில் மணலியில் ஜனங்கள் வசிக்கும் பகுதிக்கு அருகே 37 கண்டெய்னர் பெட்டிகளில் ஐந்து வருஷமாக இருந்துவந்தது! பெய்ரூட்டின் படங்களைப் பார்த்த பிறகு, அவசர அவசரமாக ஏலத்தில் எடுத்தவருக்கு ஒப்படைத்து ஹைதராபாத்துக்கு லாரிகளில் ஏற்றி அனுப்பினார்கள். தேசமெங்கும் கிடங்குகளை 48 மணி நேரத்தில் சோதிக்க உத்தரவு பிறந்தது. நாம் பெய்ரூட்டுக்கு 58 டன் அனுப்பினோம். மணலிவாசிகளுக்குப் பெய்ரூட் கொடுத்தது அதைவிடப் பெரிய உதவி. அதற்கு அவர்கள் தந்த விலையை நினைத்தால்தான் நெஞ்சு பதறுகிறது.

எங்கள் தெருப் பெட்டிக்கு மூன்றாம் நாளே புது மூடி வந்துவிட்டது. "அதுதான் போட்டாகிவிட்டதே, இனி என்ன?" என்று சம்பந்தப்பட்ட காரியாலயத்தில் கேட்டார்களாம். அந்தத் தாய் நாலாவது மனு ஒன்று எழுதினார். முந்தின மூன்று மனுக்களும் யார் மேஜையில் கிடந்தன என்பது ஒன்றுதான் அதில் கேள்வி. தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். முதலில் கையெழுத்திட்டவர், விதி என்று சொன்ன அந்தப் பெரியவர்.

பதில் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் பிள்ளை இறந்த தேதியில் அவர் காரியாலயத்துக்குப் போய் நிற்கிறார். தனியாக அனுப்பக் கூடாது என்று எங்கள் தெருப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு கூடப் போகிறார்கள். இந்த மாதம் எங்கள் வீட்டு முறை. என் தாயார், இரண்டு பேருக்கும் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகலாமா, அங்கே எவ்வளவு நேரம் காக்க வைப்பார்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.