நாள் குறிக்கப்படாத சட்டம்

உண்மையை உரைத்த எரேமியாவைக் கொல்லவேண்டும் என்று தலைவர்கள் கேட்டபோது, அரசன் செதேக்கியா அவரை வெறுத்திருக்கவில்லை. மறைவில் அழைத்து அவரிடம் இறைவாக்குக் கேட்டவனும் அவனே. ஆயினும் தன்னால் தடுக்க இயலாது என்று கூறி அவரை அவர்கள் கையில் ஒப்புவித்தான். இறைவாக்கினர் பாழ்ங்கிணற்றுச் சேற்றில் இறக்கப்பட்டார். உண்மை வேண்டும், உரைப்பவனைக் காக்கும் பொறுப்பு மட்டும் வேண்டாம். நம் நாட்டை ஆண்டோரும், கட்சி வேறுபாடின்றி, அவன் வழியிலேயே நடந்து வந்திருக்கின்றனர்.

சத்யேந்திர துபேயை மறந்துவிட்டோமா? கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பொறியாளர் அவர். தங்க நாற்கரச் சாலைப் பணியில் தாம் கண்ட முறைகேடுகளை 2002 நவம்பரில் பிரதமருக்கு எழுதினார்; தம் பெயரை மறைவாக வைக்குமாறு வேண்டினார். மடலோ பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயா நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியே காரணம் என்றது மத்தியப் புலனாய்வுத் துறை. 2010-இல் மூவர் தண்டனை பெற்றனர். வழிப்பறியாகவே இருக்கட்டும். காக்கச் சொல்லிக் கொடுத்த பெயரை அரசு காக்கவில்லை என்பதை எந்தத் தீர்ப்பு மாற்றும்?

2004-இல் ஓர் அரசுத் தீர்மானம் வந்தது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் புகார்களைப் பெறலாயிற்று. தீர்மானம் சட்டமாகாது. பின்னர் சட்டமும் பிறந்தது. மக்களவை 2011 டிசம்பரிலும் மாநிலங்களவை 2014 பிப்ரவரியிலும் அதை ஏற்றன. அவ்வாண்டு மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். புகார் கூறியவரின் பெயரை வெளியிடுவோருக்கு மூன்றாண்டு வரை சிறை. பழிவாங்கவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை அதிகாரத்தில் இருப்போர் மேல். பெயரில்லா மடலை அச்சட்டம் ஏற்காது. சரியே, பெயரைக் கேட்பவர் அதைக் காக்கவும் கடன்பட்டவர். ஆனால், மத்திய அரசு அரசிதழில் குறிக்கும் நாளில்தான் நடைமுறைக்கு வரும் என்கிறது அதன் முதற்பிரிவு. அந்த நாளை இன்றுவரை எவரும் குறிக்கவில்லை! மாறாக, பத்து வகைத் தகவல்களைப் புகாரில் சேர்க்கலாகாது என்று பூட்டுப்போட 2015-இல் ஒரு திருத்த மசோதா கொணர்ந்தனர். மக்களவையில் நிறைவேறிய அது, நல்லவேளையாக, பின்னர் காலாவதியாயிற்று.

பொய்ப் புகார்கள் பெருகும் என்று சிலர் வாதிடுகின்றனர். தீய நோக்கோடு, அறிந்தே பொய் கூறுவோருக்கு ஈராண்டு வரை சிறை என்று அதே சட்டம் விதித்திருக்கிறதே! படிக்காமல் அஞ்சுகின்றனரா, படித்ததால் அஞ்சுகின்றனரா?

அரசைக் கேட்கும் நாம் நம் முற்றத்தையும் பார்ப்பது முறை. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் பிறப்பித்து 2023-இல் நிலைப்படுத்திய ‘வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி’ என்னும் சட்டத்தின் நான்காம் பிரிவு, பாலியல் கொடுமை பற்றித் தகவல் தருவோரைப் பழிவாங்குவதைத் தடை செய்கிறது. அவர்கள் மேல் மௌனக் கட்டளை சுமத்தலாகாது என்கிறது. எத்தனை பங்குகளில் இதை வாசித்துக் காட்டினோம்? திருவிழாக் கணக்கைக் கேட்டவரைக் கோயிலுக்குப் பகைவர் என்று ஒதுக்குவது மட்டும் நமக்கு எளிதாக வருகிறது. எரேமியாவை மேலே தூக்கியவர் குருவல்லர். அரண்மனை ஊழியரான எத்தியோப்பியர் எபேது மெலேக்கு. அரசனிடம் நேரே சென்று வாதாடினார். கயிறு அக்குளை அறுக்காதிருக்கக் கந்தல் துணிகளையும் இறக்கிக் கொடுத்தார்.

பொதுநிலையினராகிய நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்தமுறை கோயில் வாசலுக்கு வாக்குக் கேட்டு வருகையில், சால்வை போர்த்துமுன் கேட்போம்: 2014-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு நாள் குறிக்கும்படி அவையில் எத்தனை முறை எழுந்து பேசினீர்கள்?